திரும்பியது பஸ்ஸா, ரோடா?

மழைக்காலத்தில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால் அடிவாரம் வழியை அடைத்துவிட்டு வண்டிகளைக் குப்பனூர் வழியாக விடுவார்கள். இந்த ஒரு சேதியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் நாலு விதமாக எழுதுகிறார்கள். பஸ் 'டீவியேட்டட்' என்பார் ஒருவர், 'டைவெர்ஜ்ட்' என்பார் இன்னொருவர். 'வீர்ட்' என்று எழுதுகிறவரும் உண்டு, 'டைக்ரெஸ்ட்' என்று எழுதுகிறவரும் உண்டு. ஆங்கிலம் தமிழ் அகராதியைப் பிரித்தால் நாலுக்கும் எதிரே 'விலகு, திரும்பு, வழி மாறு' என்றுதான் போட்டிருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே வர வேண்டியது ஐந்தாவது சொல்: 'தி பஸ்ஸஸ் வேர் டைவர்ட்டட் வயா குப்பனூர்.'

ஏன் அது மட்டும் சரி? பஸ் தானாக வழி மாறவில்லை, போலீஸ்காரர் மாற்றிவிட்டார். இந்த வேறுபாடு தமிழனுக்குப் புதிதே இல்லை. திரும்பு, திருப்பு. விலகு, விலக்கு. மாறு, மாற்று. ஒதுங்கு, ஒதுக்கு. பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்ததுதான். நம் மொழியில் அந்த வேறுபாடு சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது: மெல்லின 'ம்பு' வல்லின 'ப்பு' ஆனால் வேலை செய்கிற ஆள் மாறிவிடுகிறார். ஆங்கிலத்தில் இப்படி ஒழுங்கான அடையாளம் கிடையாது. சில வினைகள் தன்வினையாக மட்டும் வரும், சில பிறவினையாக மட்டும் வரும், சில இரண்டுக்கும் பொது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும். ஆகவே இந்தக் கூட்டத்துச் சொல் எதைக் கற்றாலும் பொருளைப் பார்க்குமுன் 'இது திரும்புவா, திருப்புவா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

திரும்பு வகை: டீவியேட், டைவெர்ஜ், டைக்ரெஸ், ஸ்ட்ரே. இவற்றுக்குப் பின்னால் செயப்படுபொருள் வராது. 'ஹி டீவியேட்டட் தி பஸ்' என்றால் கேட்கிறவர் முழிப்பார். வீர் என்பதும் இன்றைய பேச்சில் அநேகமாக இந்த வகைதான். திருப்பு வகை: டைவர்ட், அவெர்ட். இவற்றுக்குச் செயப்படுபொருள் கட்டாயம், இல்லாவிட்டால் செயப்பாட்டு வினையாக வர வேண்டும். 'தி ஃப்ளைட் டைவர்ட்டட்' என்று இப்போது செய்திகளில் வரத்தான் செய்கிறது. ஆனால் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் 'வாஸ் டைவர்ட்டட்' என்று எழுதுவதே பாதுகாப்பு. இரண்டுக்கும் பொதுவானவை: டர்ன், ஸ்விங், பெண்ட், ஸ்வெர்வ், டிஃப்ளெக்ட்.

காவிரியை வைத்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும். மேட்டூரைத் தாண்டித் தெற்கே இறங்கும் ஆறு, ஈரோட்டைக் கடந்ததும் கிழக்குப் பக்கம் வளைந்து போகிறது. அது ஆறு தானாகச் செய்கிற காரியம். அங்கே 'டர்ன்ஸ் ஈஸ்ட்', 'ஸ்விங்ஸ் ஈஸ்ட்', 'பெண்ட்ஸ்' எல்லாம் பொருந்தும். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்களில் தண்ணீர் விடுவதும், உபரி நீரைச் சேலம் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோவதும் மனிதன் செய்கிற காரியம். அங்கே 'டைவர்ட்' தவிர வேறு சொல் நிற்காது. 'தே டைவர்ட் தி சர்ப்ளஸ் வாட்டர் டு தி டேங்க்ஸ்.' எங்கிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எங்கே என்பதற்கு 'டு'. ஏரி என்பதற்கு 'லேக்' என்றாலும் தவறில்லை. பாசன ஏரியை நம் நாட்டு ஆங்கிலத்தில் 'டேங்க்' என்பதே பழைய வழக்கம்.

டைவர்ட் செய்யப்படுவது தண்ணீரும் வண்டியும் மட்டுமல்ல. கால் டைவர்ட் எல்லோருக்கும் தெரியும். கவனத்தைத் திருப்புவதும் டைவர்ட்தான். பணத்துக்கு இந்தச் சொல் வந்தால் மட்டும் உஷாராக இருங்கள், அங்கே அது நல்ல சொல் இல்லை. விசைத்தறி வாங்க என்று கடன் எடுத்து அந்தப் பணத்தை மனை வாங்கப் போட்டால் வங்கிக்காரர் அதை 'டைவர்ஷன் ஆஃப் ஃபண்ட்ஸ்' என்பார். நீங்கள் ஒரு செலவுத் தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு முறைப்படி அனுமதி வாங்கி மாற்றியிருந்தால் கடிதத்தில் 'டைவர்ட்டட்' என்று எழுதிவிடாதீர்கள். 'ரீஅலோகேட்டட்' என்று எழுதுங்கள். ஒரே சொல்லால் சுத்தமான கணக்கும் தப்பாகத் தெரியும்.

சாலைப்பணி நடக்கும் இடத்தில் 'டேக் டைவர்ஷன்' என்று பலகை வைப்பது நம் நாட்டு வழக்கம். பிரிட்டனில் வெறும் 'டைவர்ஷன்' என்றும் அமெரிக்காவில் 'டீடூர்' என்றும் இருக்கும். பேச்சில் 'டேக் எ டைவர்ஷன்' என்று நடுவில் ஒரு 'எ' போட்டுக்கொள்ளுங்கள். அதே கதைதான் 'டேக் லெஃப்ட்' என்பதற்கும்: 'டேக் எ லெஃப்ட்' அல்லது 'டர்ன் லெஃப்ட்'. 'டர்ன் லெஃப்ட் ஸைட்' வேண்டவே வேண்டாம். இடப் பக்கம் திரும்பு என்பதிலுள்ள 'பக்கம்' ஆங்கிலத்துக்குள் ஏறிக்கொண்டது அது. யூ டர்ன் என்றால் 'மேக் எ யூ டர்ன்'.

இனி மலைக்கு வருவோம். இந்தச் சொற்களைப் பழக ஏற்காட்டு ரோட்டைப் போல நல்ல இடம் கிடையாது.

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், வரிசையாக எண் போட்டிருக்கும். ஐந்தாவது வளைவில் வண்டி திரும்புகிறது என்கிறோம் தமிழில். அதை அப்படியே 'தி பஸ் டர்ன்ட் அட் தி ஃபிஃப்த் பெண்ட்' என்று எழுதினால், பஸ் அங்கே வேறு ரோட்டுக்குள் போய்விட்டது என்றோ ஏறாமல் திரும்பிக் கீழே வந்துவிட்டது என்றோ படிப்பவருக்குத் தோன்றும். வழி சொல்லும்போது ஆங்கிலத்தில் 'டர்ன்' என்பது பெரும்பாலும் இருக்கிற ரோட்டை விட்டு இன்னொன்றில் நுழைவது. வளைவில் வளைவது ரோடுதான், வண்டி அதோடு போகிறது. அதனால் ரோட்டை எழுவாயாக வையுங்கள்: 'தி ரோடு பெண்ட்ஸ்', 'கர்வ்ஸ்', 'வைண்ட்ஸ்'. கொண்டை ஊசிக்கென்றே ஒரு நல்ல தொடர் இருக்கிறது: 'தி ரோடு டபுள்ஸ் பேக் ஆன் இட்செல்ஃப்', வந்த திசைக்கே மடங்கிப் போகிறது என்று பொருள். ஓட்டுநரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் 'ரவுண்டட் தி பெண்ட்', 'டுக் தி பெண்ட்', சிரமப்பட்டு வளைத்தார் என்றால் 'நெகோஷியேட்டட் தி பெண்ட்'. பேரம் பேசுவதற்குச் சொல்கிற அதே நெகோஷியேட்தான். இடைஞ்சலான இடத்தைப் பக்குவமாகக் கடப்பதற்கும் அதுவே சொல்.

வைண்ட் என்று சொன்னேனே, அதன் உச்சரிப்பு முக்கியம். காற்று 'விண்ட்', வளைந்து போவது 'வைண்ட்', எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. இறந்தகாலம் 'வூண்ட்' இல்லை, 'வௌண்ட்'. புண்ணுக்குத்தான் 'வூண்ட்'.

ஏரியைச் சுற்றிப் போகிற ரோட்டுக்கு 'தி ரோடு ஸ்கர்ட்ஸ் தி லேக்'. பாவாடையின் ஓரம் போல ஓரமாகவே போவது. ஒரு சிக்கலைத் தொடாமல் ஓரமாகப் பேசிவிட்டுப் போகிறவரையும் 'ஸ்கர்ட்டட் தி இஷ்யூ' என்று சொல்வார்கள். நழுவினார் என்பதற்கு நெருங்கிய சொல்.

அதிகம் குழப்புகிற ஜோடி ஸ்வெர்வும் வீரும். மலையில் திடீரென்று காட்டெருமை குறுக்கே வருகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கிறார், ஒதுங்கி, கடந்து, பழைய தடத்துக்கு வருகிறார். இது ஸ்வெர்வ். திடீரென்பதும் எதையோ தவிர்க்க என்பதும் அதற்குள்ளேயே இருக்கின்றன. 'ஸ்வெர்வ்ட் டு அவாய்ட்' என்று எழுதினால் வாக்கியம் தானாக உட்காரும். 'ஸ்வெர்வ்ட் தி பைசன்' என்றால் எருமையை வளைத்தார் என்றாகிவிடும், நடுவில் 'டு அவாய்ட்' அல்லது 'அரவுண்ட்' வேண்டும். இன்னொரு காட்சி: விடியற்காலை, நேர் ரோடு, ஓட்டுநருக்குக் கண் அசந்துவிட்டது, லாரி கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போய்ப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. இது 'வீர்ட் ஆஃப் தி ரோடு'. வீர் என்பதில் போகிற கோடு மாறுகிறது, மாறிய கோட்டிலேயே போகிறது. யாராவது வேண்டுமென்று மாற்றினார்களா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை.

விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் படிவத்தில் நடந்ததை நாலு வரி எழுதச் சொல்வார்கள். எதிரே வந்த லாரி 'ஸ்வெர்வ்ட்' என்று எழுதினால், அந்த ஓட்டுநர் ஏதோ காரணத்துக்காக ஒடித்தார் என்று நீங்களே சொன்னதாகப் படும். அடுத்த கேள்வி 'எதைத் தவிர்க்க ஒடித்தார்' என்பதாகத்தான் இருக்கும். கண்ணில் பட்டது லாரி நம் பக்கம் வந்தது மட்டும்தான் என்றால் 'வீர்ட் இன்டு அவர் லேன்' என்று எழுதுங்கள். பார்த்ததற்கு மேல் ஒரு சொல் கூட வேண்டாம். ஓட்டுநர் தாமாக ஓரம் கட்டி நிறுத்தினார் என்றால் இந்த இரண்டுமே இல்லை, அது 'புல்ட் ஓவர்'. முந்துவதற்காக வெளியே எடுத்தால் 'புல்ட் அவுட்'. நம் வண்டிக்கு முன்னால் வெட்டி நுழைந்தால் 'கட் இன்'.

ஸ்வெர்வ் என்று வேகமாகச் சொல்லும்போது நடுவிலுள்ள முதல் 'வ்' விழுந்து 'செர்வ்' ஆகிவிடுகிறது. 'தி டிரைவர் செர்வ்ட்' என்று கேட்டால் பரிமாறினார் என்று நினைப்பார்கள். 'ஸ்வீட்' என்று சொல்லும்போது வாயை எப்படிக் குவிக்கிறோமோ அப்படிக் குவித்துத் தொடங்கினால் சரியாக வரும்.

டைவெர்ஜ் என்பதற்கு இரண்டு வேண்டும். ஒரே இடத்தில் தொடங்கியோ ஒன்றாக வந்தோ பிறகு தனித்தனியே போகும் இரண்டு. சேலத்திலிருந்து ஓமலூர் வரை ஒன்றாகப் போகிற ரயில் தடம் அங்கே பெங்களூருக்கு ஒன்று, மேட்டூர் அணைக்கு ஒன்று என்று பிரிகிறது. 'தி லைன்ஸ் டைவெர்ஜ் அட் ஓமலூர்.' எழுவாய் பன்மை என்பதைக் கவனியுங்கள். தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் 'ஃப்ரம்' போட்டு மற்றதைக் காட்ட வேண்டும். ஒன்று பிரதானம், மற்றது கிளை என்று சொல்ல நினைத்தால் 'ப்ராஞ்சஸ் ஆஃப்' இன்னும் பொருத்தம், மேட்டூர்த் தடத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். சாலை கவை போல இரண்டாகப் பிரிந்தால் 'தி ரோடு ஃபோர்க்ஸ்'. குழிலென்சுக்கு 'டைவெர்ஜிங்' என்று பெயர் வந்ததும் கதிர்கள் பல என்பதால்தான், ஒற்றைக் கதிர் டைவெர்ஜ் ஆக முடியாது. கருத்துகளுக்கும் இதுவே: இரண்டு பேர் கருத்து 'டைவெர்ஜ்' ஆகும், ஒருவர் கருத்து ஆகாது.

டீவியேட் என்ற சொல்லில் ஒரு கோடு ஒளிந்திருக்கிறது. லத்தீனில் 'வியா' என்றால் வழி, 'டே' என்றால் விட்டு. எந்த வழியை விட்டு என்று ஏற்கெனவே போட்டுவைத்த ஒரு சட்டமோ திட்டமோ அளவோ இருந்தால்தான் இது பொருந்தும். வீடு கட்டுகிற இடத்தில் இதை தினமும் கேட்கலாம்: 'பிளானில் டீவியேஷன் இருக்கு' என்றால் அனுமதி வாங்கிய வரைபடத்தை விட்டு விலகிக் கட்டியிருக்கிறார்கள். புள்ளியியலில் திட்ட விலக்கம், அதாவது ஸ்டாண்டர்டு டீவியேஷன், சராசரி என்ற கோட்டிலிருந்து விலகல். வழக்கமான ரூட்டை விட்டுத் தன் இஷ்டத்துக்கு வேறு வழியில் போன ஓட்டுநரை 'டீவியேட்டட் ஃப்ரம் தி ரூட்' எனலாம். அப்போது அதில் ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கிறது. மண்சரிவுக்காகக் குப்பனூர் வழியே அனுப்பப்பட்டவரை அப்படிச் சொல்லக்கூடாது என்பது இதனால்தான். ஃப்ரம் இல்லாத டீவியேட் அரைகுறை வாக்கியம்.

அதே கட்டட வேலையில் இன்னொரு சொல்லும் புழங்குகிறது, இரண்டையும் மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. டிஃப்ளெக்ஷன் என்றால் பாரம் ஏறியதும் பீம் கீழே தொய்வது. கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரக்குறியீடு 456, எல்லாப் பாரமும் சேர்ந்த இறுதித் தொய்வு பொதுவாக நீளத்தில் 250இல் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்கிறது. 5 மீட்டர் பீம் என்றால் 20 மில்லிமீட்டர். வரைபடத்தில் காட்டிய இடத்தை விட்டு 20 மில்லிமீட்டர் தள்ளித் தூண் நிறுத்தினால் அது டீவியேஷன். முதலாவதைச் செய்வது பாரம், இரண்டாவதைச் செய்வது கொத்தனார். கடிதத்தில் மாறினால் பழி ஆள் மாறி விழும்.

பொதுப் பேச்சில் டிஃப்ளெக்ட் என்பது ஒன்றின் மேல் பட்டுத் திசை மாறுவது. பட வேண்டும் என்பதுதான் முக்கியம், பந்து காலில் கட்டிய பேடில் பட்டுப் போனால் 'டிஃப்ளெக்டட் ஆஃப் தி பேட்'. கேள்வியைத் தன் மேல் படாமல் வேறு பக்கம் தள்ளிவிடுகிற அதிகாரி 'டிஃப்ளெக்டட் தி கொஸ்டின்'. பக்கவாட்டில் நகர்ந்து தப்பிக்கிறவர் 'ஸைட்ஸ்டெப்ட்', குனிந்து தப்பிக்கிறவர் 'டக்ட்'.

கிரிக்கெட் வர்ணனை கேட்கிறவர்களுக்கு இந்தக் கூட்டம் முழுக்கக் காதில் விழுந்திருக்கும், ஆனால் அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் நிர்ணயம். வேகப்பந்து காற்றிலேயே வளைந்தால் 'ஸ்விங்'. தரையில் தையல் பட்டு விலகினால் 'ஸீம்'. சுழற்பந்து காற்றில் மெல்ல நகர்ந்தால் 'டிரிஃப்ட்', தரையில் பட்டுத் திரும்பினால் 'டர்ன்'. சின்னப்பம்பட்டி நடராஜன் வீசும் பந்தை 'டர்ன் ஆகுது' என்று எந்த வர்ணனையாளரும் சொல்ல மாட்டார், அவர் வேகப்பந்து வீச்சாளர். ஒரே விலகல்தான். காற்றிலா தரையிலா, யார் கையிலிருந்து என்பதைப் பொறுத்து நாலு பெயர். மற்ற இடங்களிலும் ஆங்கிலம் இப்படித்தான் நடந்துகொள்கிறது, கிரிக்கெட்டில் நமக்கு அது உறைக்கிறது.

டைக்ரெஸ் பேச்சுக்கும் எழுத்துக்கும் மட்டும். வண்டியும் ஆறும் டைக்ரெஸ் ஆகாது. பேசுகிற விஷயத்தை விட்டு வேறு பக்கம் போவது, அவ்வளவுதான். பிறர் இழுத்து அப்படி ஆகிவிட்டால் 'காட் ஸைட்டிராக்ட்'.

காற்றைப் பற்றிய ஒரு நுணுக்கம், வானிலை அறிக்கை படிக்கிறவர்களுக்காக. அங்கே வீர் என்பதற்குக் கறாரான பொருள்: காற்று வரும் திசை கடிகார முள் போகிற பக்கமாக மாறுவது. தெற்கிலிருந்து வீசிய காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் 'வீர்ட்'. தெற்கிலிருந்து கிழக்குக்கு மாறினால் 'பேக்ட்'. பின்வாங்கியது என்று மொழிபெயர்த்தால் தவறு.

அவெர்ட்டும் அவாய்டும் தமிழில் இரண்டுமே 'தவிர்' என்றாகிவிடுவதால் வரும் தொல்லை தனி. வரவிருந்ததை வராமல் செய்வது அவெர்ட்: ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் பார்த்துச் சொன்னதால் விபத்து 'வாஸ் அவெர்ட்டட்'. நாம் ஒன்றின் பக்கம் போகாமலிருப்பது அவாய்ட்: மாலை நேரத்தில் சேலம் ஐந்து ரோடு பக்கம் போவதை 'அவாய்ட்' செய்யலாம், அவெர்ட் செய்ய முடியாது. 'அவாய்ட் ஃப்ரம்' என்று ஒன்று கிடையாது. கண்ணைத் திருப்பிக்கொள்வதற்கும் அவெர்ட்தான்: 'அவெர்ட்டட் ஹிஸ் ஐஸ்'. இதன் பெயர்ச்சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். டைவர்ட்டுக்கு டைவர்ஷன், கன்வர்ட்டுக்குக் கன்வர்ஷன் என்பதால் விபத்தைத் தடுத்ததை 'அவெர்ஷன் ஆஃப் ஆக்சிடென்ட்' என்று எழுதுகிறார்கள். அவெர்ஷன் என்றால் வெறுப்பு. 'ப்ரிவென்ஷன்' என்று எழுதிவிடுங்கள்.

டைவர்ட், அவெர்ட், கன்வர்ட், இன்வர்ட் எல்லாவற்றுக்கும் வேர் லத்தீனின் 'வெர்ட்டெரே', திருப்பு. பாட்டு வரிக்கு ஆங்கிலத்தில் 'வெர்ஸ்' என்று வந்ததும் இதிலிருந்துதான்: உழுகிறவன் சால் முடிந்து ஏரைத் திருப்புவது போல வரி முடிந்து எழுத்து திரும்புகிறது. வந்த சொல்லே மடங்கி வருவதை மடக்கு என்று பெயரிட்ட நமக்கு இது ரொம்ப நெருக்கமான கற்பனை.

அந்தக் குடும்பத்தில் இந்தியாவில் தடம் மாறிப்போன பிள்ளை 'ரிவர்ட்'. 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று தினமும் மின்னஞ்சல் எழுதுகிறோம், பதில் தாருங்கள் என்ற பொருளில். நம் நாட்டுக்குள் அது செல்லும், எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கிற வாடிக்கையாளர் பலருக்கு ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திரும்புவது. திருத்திய விலைப்பட்டியலை அனுப்பிவிட்டு 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று முடித்தால், பழைய விலைக்கே திரும்பச் சொல்கிறாரா என்று யோசிப்பார். அங்கே 'ப்ளீஸ் ரிப்ளை' போதும். 'ரிவர்ட் பேக்' என்பதில் 'பேக்' எப்போதும் மிகை, உள்ளூர் கடிதத்திலும் அதை அடித்துவிடுங்கள்.